ரஹ்மத்தின் கஞ்சாவும் முனியாண்டியின் கெடாவும்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ரஹ்மத் கஞ்சா அடிப்பதில்லை, விற்பதில்லை, வளர்ப்பதும் இல்லை. தொண்டி கடைத்தெருவில் உட்கார்ந்துகொண்டு, "மலேசியாவுல இருக்காரே ஓட்டல்காரர், அவரு மக கஞ்சா வேலை பாக்குதாம்ல" என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படிக்க வேண்டும். படித்த பிறகும் பேசினால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரிலேயே கவனித்துக்கொள்கிறேன்.

இதை எழுத வைத்தவர் என் மச்சான். போன மாதம் ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். இங்கே விமான நிலையத்தில், போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதன் அடியில் நின்றுகொண்டு மனிதர் வெளிறிப்போயிருந்தார். சலாம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. என் காதுக்குள் வாயை வைத்தார்.

"மச்சான், நம்ம ரஹ்மத்து அந்தச் சாமானோடவா வேலை பாக்குது? ஊரு பூரா பேச்சா இருக்கு. போலீசு கீலீசு ஒண்ணும்..."

"படிக்குது மச்சான்! ஆராய்ச்சி! யுனிவர்சிட்டியில!"

"கஞ்சாவுலயா?"

அந்த வார்த்தையை அவர் சொன்ன சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். மச்சானின் பெட்டியை ஒரு கையிலும் மச்சானை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு நான் வெளியே வந்ததை அல்லாஹ் அறிவான். வேன் பத்தாங் பெர்ஜுந்தாய் வந்து சேரும்வரை அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில், "என்னமோ போங்க, அது நல்லா இருந்தாச் சரி" என்றார். ஒன்றும் புரியவில்லை என்பதற்கு எங்கள் மச்சான் சொல்லும் பதில் அதுதான். ஆகவே எழுதுகிறேன்.

2

பத்தாங் பெர்ஜுந்தாய் பெரிய ஊர் இல்லை. சுற்றிலும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். சம்பளம் போட்ட வாரம் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, குடும்பம் குடும்பமாகச் சாமான் வாங்க வருவார்கள். வந்தவர்கள் என் கடையில் பசியாறாமல் போக மாட்டார்கள். காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்றுதான் சொல்வோம். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஊர் வார்த்தையே மறந்துவிட்டது.

ரஹ்மத் இங்கே பிறந்தவள். இப்போது கோலாலம்பூரில் விடுதியில் தங்கி மேல்படிப்புப் படிக்கிறாள். பேராசிரியையுடன் இங்கிலீஷ், தோழிகளுடன் மலாய், வீட்டில் எங்களுடன் மூன்றையும் குழைத்துப் போட்ட ஒரு தமிழ். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. நான் எழுதுகிற இதைக்கூட அவளுக்கு வாசித்துத்தான் காட்ட வேண்டும். வர வர விடுமுறைக்கும் சரியாக வருவதில்லை. வந்தாலும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். அவள் அம்மா ஆமினா என்னை இடிப்பாள்: "என்ன யோசனைன்னு கேளுங்களேன்." கேட்டால், "ஒண்ணும் இல்ல லா அத்தா" என்பாள். அந்த "லா" இந்த நாட்டில் எந்தப் பேச்சோடும் ஒட்டிக்கொள்கிற வால்.

ஒரு நாள் நான் விடவில்லை. "ஒண்ணும் இல்லாததையா மூணு வருசமாப் படிக்கிறே? எனக்கும் சொல்லு" என்று எதிரே உட்கார்ந்துவிட்டேன். முதலில் தடுமாறினாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை ஆட்டினாள். பிறகு சூடு பிடித்துவிட்டது.

"அத்தா, மூளை ஒடம்புல ரொம்பச் சின்னது. ஆனா நம்ம ஒடம்பு செலவழிக்கிற சக்தியில அஞ்சுல ஒரு பங்கு அதுக்கே போகுது."

"வேலை பாத்தா போகட்டும். நம்ம கடைக்கு வர்ற சில பேரு..."

"சும்மா இருந்தாலும் போகும் அத்தா. தூங்கினாலும் போகும்."

ஒவ்வொரு மூளைச் செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உறுப்புகள் நிறைய இருக்கின்றனவாம். மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். சாப்பாட்டின் சத்தையும் காற்றில் உள்ள ஆக்சிஜனையும் வாங்கிச் செல்லுக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குவது அவைதான். நாம் இழுக்கிற மூச்சு நெஞ்சோடு நிற்பதில்லை, கடைசியில் அங்கே போய்த்தான் செலவாகிறது என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வயதுவரை மூச்சு விட்டிருக்கிறேன், அது எங்கே போகிறது என்று ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

கஞ்சாவில் இருக்கும் மயக்குகிற பொருள்களுக்குக் கன்னாபினாய்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவை தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மூளையோ கொழுப்பு நிறைந்தது. உள்ளே போய் இந்த மைட்டோகாண்ட்ரியாவைத் தொட்டால் அவை ஆக்சிஜன் செலவழிப்பது குறைகிறதா, கூடுகிறதா? எவ்வளவு விட்டால் எவ்வளவு மாறுகிறது? இதுதான் என் மகளின் கேள்வி. கண்ணாடிப் பாத்திரத்தில் நடப்பதெல்லாம் மனிதன் தலைக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அவளே சொன்னாள். ஊர்க்காரர்கள் அதையும் சேர்த்தே பேசுங்கள்.

தொண்டியில் என் சின்ன வயதில் ஒரு தோணிக்காரர் இருந்தார். உடம்பு வலிக்கென்று லேகியம் தின்பார். அதில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தின்றுவிட்டுத் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இப்போதே தூக்குவதா அப்புறம் தூக்குவதா என்று பிற்பகல் அஸர் தொழுகை நேரம்வரை யோசிப்பார். பார்த்துப் பார்த்துச் சிரித்தோமே தவிர, அந்த மனிதரின் மூளைக்குள் சக்தி எங்கே போயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. என் மகள் கேட்கிறாள்.

3

கேட்டால் போதுமா? அந்தப் பொருள் வேண்டுமே! இந்த நாட்டில் அதைக் கையில் வைத்திருப்பது விளையாட்டு இல்லை. பல்கலைக்கழகம் எழுதி, சுகாதார அமைச்சு எழுதி, அமைச்சு கேட்டதற்குப் பல்கலைக்கழகம் திரும்ப எழுதி, யாரோ ஓர் அதிகாரி மாற்றலாகிப்போய், முதலிலிருந்து மறுபடி எழுதி, ஒருவழியாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வந்து சேர்ந்தது. கண் மருந்துக் குப்பி அதைவிடப் பெரிது. அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். ஒரு சாவி பேராசிரியையிடம், இன்னொன்று அமைச்சு நியமித்த அதிகாரியிடம். அவர் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் துளி எடுக்கலாம். அவர் வருவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல். அன்றைக்கு நடக்காவிட்டால் மறுபடி விண்ணப்பம். அது வருவதற்குள் ரஹ்மத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை முடிந்துவிடும். படிப்பும் பாதியில் நிற்கும்.

இந்த நேரம் பார்த்து, மூளை எடுப்பதற்காகப் பல்கலைக்கழகத்தில் வளர்த்த எலிகளுக்குச் சீக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள். பேராசிரியை ஒரு சீன அம்மா, தங்கமான பொம்பளை. ஆட்டு மூளை என்றாலும் பரவாயில்லை, ஆனால் அன்றைக்கே அறுத்ததாக, உடனே ஐஸில் வைத்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெருநாளை ஒட்டி இறைச்சிக்கூடம் மூடியிருந்தது.

ரஹ்மத் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, ஆட்டு மூளைக்கு ஒரு ஓட்டல்கார பாய் மக அழுவலாமா? செவ்வாய்க்கிழமை காலையில நம்ம சூராவ்ல குர்பானி இருக்கு. மூணு ஆடு. மூணு தலையும் ஒனக்கு. போதுமா?"

சூராவ் என்பது இங்கே சின்னப் பள்ளிவாசல். பெருநாளுக்கு அடுத்த நாட்களிலும் குர்பானி கொடுக்கலாம் அல்லவா, எங்கள் பகுதி ஆட்கள் மறுநாள்தான் அறுப்பார்கள். ரஹ்மத் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெரியவளான பிறகு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நானும் ஆகாயத்தில் பறந்தேன்.

4

செவ்வாய் விடியற்காலையில் நானும் அவளும் வேனை எடுத்துக்கொண்டு கோல சிலாங்கூருக்கு ஐஸ் வாங்கப் போனோம். எங்கள் கடையில் இருந்த ஐஸெல்லாம் பெருநாள் கூட்டத்தில் சர்பத்தாகக் கரைந்துபோயிருந்தது. எட்டு மணிக்கு அறுப்பதாகத்தான் பேச்சு. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால், மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சீக்கிரமே அறுத்துவிட்டார்கள்.

நாங்கள் வேனை விட்டு இறங்கும்போது ஆமினா வாசலில் நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒனக்கு வேலை மிச்சம் ரஹ்மத்து. எல்லாம் நானே செஞ்சு வச்சிட்டேன்."

கொல்லையில் வாழை இலை விரித்து மூன்று தலைகளையும் வரிசையாக வைத்திருந்தாள். தீயில் வாட்டி, கருகிய மயிரைச் சுரண்டி, கழுவி, மஞ்சள் தடவி. நம் வீடுகளில் ஆட்டுத்தலை வந்தால் முதல் வேலை அதுதானே? வாட்டாத தலையை எந்த வீட்டுப் பொம்பளை மகளிடம் கொடுப்பாள்? அதிலும் பல்கலைக்கழகத்துக்குப் போகிற தலை என்று பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். மூன்றும் மணமகன் மாதிரி மினுமினுவென்று இருந்தன.

ரஹ்மத் தலைகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி? மஞ்சள் கூடிப்போச்சா?"

"செத்துப்போச்சும்மா."

"ஆடு அப்பவே செத்துப்போச்சுடி!"

"ஆடு இல்லம்மா. உள்ள இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா. சூடு பட்டா செத்துரும்மா."

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிராகுமா? அதுபோலத்தான். ஆடு அறுபட்ட பிறகும் அந்தச் சின்ன உறுப்புகளில் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும், உடனே ஐஸில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும் என்பதுதான் கணக்கு. தீயில் வாட்டினால் எல்லாம் போயிற்று. இது புரிந்ததும் ஆமினா ஆரம்பித்த ஒப்பாரி இருக்கிறதே, குர்பானிக் கறி வாங்க வந்தவர்கள் மௌத்து வீடு என்று நினைத்துவிட்டார்கள். "என் மக படிப்ப நானே தீயில வாட்டிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் தன் அழுகையை விட்டுவிட்டு அம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் ஐஸ் பெட்டியை ஓர் உதை விட்டேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அப்போது வீட்டின் முன்பக்கம் இருக்கும் எங்கள் கடையில் பசியாறிக்கொண்டிருந்த ஆறுமுகம் கையைக்கூடக் கழுவாமல் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர், என் பழைய வாடிக்கையாளர்.

"என்னா பாய், இம்புட்டுச் சத்தம்?"

சொன்னேன். அவர் இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இதுக்கா? இன்னிக்கு முனியாண்டிக்கு நம்ம கெடா வெட்டு பாய்! லோரி லைசன்ஸ் கெடைச்சா வெட்டுறேன்னு வேண்டிக்கிட்டது. எத்தனை வாட்டி பெயில் ஆனேன், ஒங்களுக்குத் தெரியாதா? பத்து மணிக்குப் பூசை. ஐஸ்ஸ தூக்கிக்கிட்டு வாங்க லா!"

நான் ஆமினாவைப் பார்த்தேன். கோயில் கெடா. நாம் எப்படி என்று ஒரு தயக்கம். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி கத்தினாள்: "நீங்க என்ன திங்கவா போறீங்க? போங்களேன் சீக்கிரம்!"

5

செம்பனை வரிசை முடிகிற இடத்தில் முனியாண்டி பெரிய மீசையுடன் உட்கார்ந்திருந்தார். தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். லயத்துச் சனம் பாதி அங்கேதான் நின்றது. பூசாரி வீரையா தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"தலை எனக்கு பாய். அது பூசாரிக்குள்ள பாத்தியம். யாருக்கும் விட்டுக்குடுத்ததில்ல."

"தலை ஒங்களுக்குத்தான் ஐயா. உள்ள இருக்கிற மூளை மட்டும்."

"அதானய்யா ருசியே! அத எடுத்துட்டா கொம்பையா நான் சூப்பு வச்சுக் குடிக்கிறது?"

ஆறுமுகம் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். பூசாரி ரஹ்மத்தைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அத வச்சு என்னா செய்யப்போற?"

கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லக் கூடாதா? என் மகளுக்கு அதெல்லாம் தெரியாது.

"கஞ்சாவோட சத்து ஒரு துளி விட்டு, மூளை எப்படிச் சக்தி செலவழிக்குதுன்னு பாப்போம் ஐயா."

தப்புச் சத்தம் நின்றுவிட்டது. பூசாரி கண்ணை உருட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்க ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"கேட்டீங்களாடா கதைய! அந்தக் காலத்துல சாமிக்குச் சுருட்டு, சாராயம், கஞ்சா மூணும் வைப்பாங்க. கவர்மெண்டுக்காரன் தூக்குல போட்டுருவான்னு சாமிக்கே நிறுத்திட்டோம். முனியாண்டிக்குக் கெடைக்காதது ஆட்டு மூளைக்குக் கெடைக்குதா!"

லயமே சிரித்தது. சிலைகூடச் சிரித்ததாக ஆறுமுகம் இன்றும் சத்தியம் செய்கிறார். பூசாரி சிரித்து முடித்து, கெடா நின்ற பக்கம் கையை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ தாயி. கேக்குறதுக்கு ஒரு நெஞ்சு வேணும்ல. சூப்ப அடுத்த வருசம் குடிச்சுக்கிறேன்."

கெடா விழுந்தது. தலை என் கைக்கு வந்தது. கடையில் இத்தனை காலமாகத் தலை உடைத்தவன் நான், ஒரு கீறல் இல்லாமல் மூளையை எடுத்துவிட்டேன். ரஹ்மத் கொண்டுவந்திருந்த குளிர்ந்த சீனிக் கரைசலில் அதை இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டினாள். வேன் கோலாலம்பூருக்குக் கிளம்பும்போது பின்னாலிருந்து தப்பு மறுபடி முழங்கியது.

ஈஜோக் தாண்டியதும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. வழி விடவே மாட்டேன் என்றது. வேன் ஹாரனில் கை வைத்தவன் சுங்கை பூலோவரை எடுக்கவில்லை.

6

ஆய்வுக்கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. எதையும் தொடக் கூடாது என்று நிபந்தனை. ரஹ்மத் மூளையைக் கண்ணாடிக் குழாயில் மெதுவாக மசித்தாள். சுழலும் இயந்திரத்தில் வைத்தாள். சக்கையைத் தள்ளிவிட்டு மேலே நின்றதை எடுத்து இன்னும் வேகமாகச் சுற்றினாள். கடைசியில் குழாயின் அடியில் தேநீர்க் கறை மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது. இவ்வளவுதானா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அதிகாரி சரியான நேரத்துக்கு வந்தார். மலாய்க்காரர், கண்ணாடி போட்டவர். சலாம் சொன்னார், உட்கார்ந்தார், அதன் பிறகு மரக்கட்டைதான். இரும்புப் பெட்டி திறந்து குப்பி மேசைக்கு வந்தது.

அந்தக் கறையைக் கரைத்து ஒரு சின்னப் பாத்திரத்தில் விட்டாள். பாத்திரத்தில் இருக்கும் ஆக்சிஜன் குறையக் குறைய, பக்கத்தில் ஓடுகிற காகிதத்தில் ஒரு பேனா சரிந்து கோடு போட வேண்டும். பேனா சரியவில்லை. நேராக ஓடிக்கொண்டே இருந்தது. வழியில் அந்த லோரி வாங்கிய நேரம் இந்தப் பிள்ளையின் படிப்பைத் தின்றுவிட்டதா? யா அல்லாஹ், என் மகள் முகத்தைப் பார் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பேராசிரியை ஏதோ முணுமுணுத்தார். ரஹ்மத் இன்னொரு குழாயிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரிய சாப்பாட்டை விட்டாள். எல்லோரும் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பேனா அசைந்தது. சரிய ஆரம்பித்தது. சீராக, நிற்காமல், பள்ளத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி சரிந்துகொண்டே போனது.

"அத்தா! மூச்சு விடுது அத்தா! உசுரோட இருக்குது அத்தா!"

மூன்று மொழி பேசுகிற என் மகள், அத்தனை பேர் முன்னாலும், தொண்டிக்காரி மாதிரி கத்தினாள். அதிகாரி என்னிடம் என்னவென்று மலாயில் கேட்டார். ஆடு செத்துவிட்டது, அதன் மூளை இன்னும் மூச்சு விடுகிறது என்றேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பேனாவின் மேல் குனிந்துகொண்டார்.

அந்தப் பொருளைச் சாராயத்தில்தான் கரைத்து வைத்திருந்தார்கள். அதனால் முதலில் வெறும் சாராயம் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். கோடு மாறவில்லை. பிறகு குப்பியிலிருந்து எடுத்ததில் ஒரு துளி. கொஞ்ச நேரத்தில் சரிவு தளர்ந்தது. இன்னும் ஒரு துளி. இன்னும் தளர்ந்தது. மூச்சு மெல்ல மெல்லக் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"போதும்மா, விட்டுரு. பாவம், மூச்சு விடட்டும்."

"கெசியான்," என்றார் அதிகாரி. ஐயோ பாவம் என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வார்கள்.

ரஹ்மத் விடவில்லை. புதிதாக எடுத்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதே தளர்ச்சி. இன்னொரு தடவையும் செய்தாள். பேராசிரியை கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவள் தோளில் கை வைத்து இங்கிலீஷில் சொன்னார்: "ஆய்வேட்டை எழுத ஆரம்பி."

படிப்பு நிற்காது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ரஹ்மத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் வெட்கம் பார்க்காமல் அழுதேன். அதிகாரி குப்பியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எங்களுக்காக அழுதாரா ஆட்டுக்காக அழுதாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.